பங்கு பிரிக்கச் சொன்ன கணக்குப் புத்தகம்

புத்தகத் திருவிழாப் பந்தலின் தகரக் கூரை மதிய வெயிலில் சூடேறிக் கிடந்தது. உள்ளே எந்தப் புத்தகத்தைப் பிரித்தாலும் பசை வாசனை. பாலு ஒரு கடையின் ஓரத்தில் நின்றபடியே படித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் ஒரு காலில் நிற்பார், பிறகு அடுத்த காலுக்கு மாறுவார். கடையில் இருந்த பெண் அவர் முன்னால் வந்து வந்து தூசி தட்டினாள். அவருக்கு அது உறைத்ததாகத் தெரியவில்லை.

பாலு எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர். வேங்கிக்காலில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பு உயரச் சுவர் ஒன்றுதான். காலையில் அவர் குருக்கள். பத்து மணிக்கு மேல் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு முதலாளி. கிரிவலப் பாதையை ஒட்டி உள்ளே தள்ளி ஒரு சின்னப் பிள்ளையார் கோயில் இருக்கிறது. அங்கே அவர் குடும்பத்துக்குத்தான் பரம்பரையாகப் பூஜை. பெயர் சொன்னால் கண்டுபிடித்துவிடுவீர்கள், வேண்டாம்.

என்னைப் பார்த்ததும் அவர் புத்தகத்தை நீட்டினார்.

"டீச்சர், இது வாங்கலாமா?"

மஞ்சள் அட்டை. கணக்கு இனிமேல் கசக்காது என்கிற மாதிரி ஒரு வாக்கியம் பெரிய எழுத்தில். இந்தப் புத்தகத்தைப் பற்றித்தான் என் பத்தியைப் படிக்கிற வாசகர்கள் சிலர் என்னிடம் கேட்டபடி இருக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கலாமா, பிள்ளைகளுக்குப் பிரயோஜனப்படுமா என்று. நான் இத்தனை நாள் மழுப்பிக்கொண்டிருந்தேன். இந்த வாரம் அதைச் சொல்லிவிடுகிறேன்.

கடைசிப் பக்கத்தில் ஆரம்பிக்கிறவள்

கணக்கு டீச்சர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்தக் கணக்குப் புத்தகம் கையில் வந்தாலும் முதலில் கடைசிப் பக்கத்தைப் புரட்டுவோம். விடைகள் இருக்கிறதா என்று பார்ப்போம். இருந்தால் நடுவில் ஏதோ ஒரு கணக்கைப் போட்டு விடை சரியா என்று சோதிப்போம். நான் ஓய்வு பெற்றுவிட்டேன், இந்தப் பழக்கம் ஓய்வு பெறவில்லை.

இதில் விடைகளே இல்லை. ஏனென்றால் கணக்குகளே இல்லை. எனக்கு அங்கேயே பாதி மனசு விட்டுப்போயிற்று.

இந்த மாதிரி எல்லோருக்குமான கணக்குப் புத்தகங்கள் என் அலமாரியில் ஒரு தட்டு நிறைய உண்டு. சிலவற்றில் மேதைகளின் கதை வரும். அவர்கள் சின்ன வயசில் என்ன சாப்பிட்டார்கள், யாரிடம் அடி வாங்கினார்கள் என்பதெல்லாம் இருக்கும், அவர்கள் கண்டுபிடித்தது மட்டும் இரண்டு வரியில் முடிந்துவிடும். சிலவற்றில் ஒன்பதாம் எண்ணின் மகிமை வரும். அதைப் படித்துவிட்டு ஆட்டோ நம்பரைக் கூட்டிப் பார்த்து ஏறுகிற ஒரு தலைமையாசிரியர் எனக்கு மேலே இருந்தார். நல்ல மனிதர், பள்ளிக்குத் தாமதமாகத்தான் வருவார்.

மஞ்சள் அட்டைக்காரர் அவ்வளவு மோசம் இல்லை. அவர் எழுத்தில் கிண்டல் இருக்கிறது, வாசகரை முட்டாளாக நினைக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு அத்தியாயமும் விளையாட்டாக ஆரம்பித்து, முக்கால்வாசியில் திடீரென்று மலையேறுகிறது. அங்கே சாதாரண வாசகர் கீழேயே நின்றுவிடுவார்.

"வேணாம் பாலு. பாதி நமக்கே தெரிஞ்ச விஷயம். மீதிப் பாதி எழுதனவருக்கே தெரியுமான்னு சந்தேகம்" என்றேன்.

அவர் சிரித்தார். பிறகு ஒரு அத்தியாயத்தை விரல் வைத்துக் காட்டினார். "இத மட்டும் பாருங்கோ."

ஒரு கேக், இரண்டு குழந்தைகள். சண்டை வராமல் பிரிப்பது எப்படி? ஒருவன் வெட்ட வேண்டும், மற்றவன் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். எந்தத் துண்டு தன்னிடம் வந்தாலும் சம்மதம் என்கிற மாதிரி வெட்டுகிறவன் வெட்டிவிட்டால் அவனுக்குக் குறை கிடையாது. எடுக்கிறவன் தனக்குப் பிடித்ததை எடுப்பதால் அவனுக்கும் கிடையாது. அவ்வளவுதான் விஷயம். மூன்று குழந்தைகள் வந்ததும் ஆசிரியர் மலையேறிவிட்டார்.

"இதுக்கா புக்கு?" என்றேன். "எங்க ஊர்ல இதத்தான் காலகாலமா பண்றாங்க."

அவர் வாங்கிவிட்டார்.

மல்லாட்டைக் குவியல்

எங்கள் ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம். அப்பாவும் சித்தப்பாவும் கொஞ்ச காலம் ஒரே நிலத்தில் கூட்டாகப் பயிர் வைத்தார்கள். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கி, ஆய்ந்து, களத்தில் கொட்டினால் பங்கு வைப்பது அப்பா. எடுப்பது சித்தப்பா. மூத்தவன் வைக்க வேண்டும், இளையவன் எடுக்க வேண்டும், அதுதான் முறை.

அப்பா இரண்டு குவியல் வைத்துவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பார். எந்தக் குவியல் மேல் தனக்கு ஆசை என்பது முகத்தில் தெரிந்துவிடக் கூடாதாம். தெரிந்தால் தம்பி அதை அண்ணனுக்காக விட்டுவிடுவான் அல்லது வேண்டுமென்றே எடுத்துவிடுவான், இரண்டுமே வம்பு என்பது அவருடைய எண்ணம்.

ஒரு வருஷம் சித்தப்பா பெரியதாகத் தெரிந்த குவியலை எடுத்தார். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சலித்துப் பார்த்தால் அதில் மண் ஜாஸ்தி. அதற்குப் பிறகு வந்த இரண்டு பொங்கலுக்கு அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. அப்பாவுக்கும் அதில் மண் இருந்தது தெரியாது என்றுதான் நான் நம்புகிறேன். சித்தப்பா கடைசிவரை நம்பவில்லை.

மேற்கண்ட உதாரணம் மஞ்சள் புத்தகத்தில் இல்லை. இருந்திருக்கலாம்.

தட்டு நீட்டுகிறவர்

பாலுவுக்கு ஒரே அண்ணன். சபேச குருக்கள் என்றால் மாட வீதிப் பக்கம் தெரியும். பாலுவைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். அதிகம் பேச மாட்டார். விசேஷ வீட்டில்கூடப் பந்தியில் கடைசியாகத்தான் உட்காருவார், அப்போதும் தீர்ந்துபோன பதார்த்தத்தைக் கேட்க மாட்டார்.

அவர்கள் அப்பா இருந்தவரை எந்த நாள் எந்தப் பிள்ளை கோயிலுக்குப் போக வேண்டும் என்று அவரே சொல்லிவிடுவார். பௌர்ணமி, சதுர்த்தி மாதிரி கூட்டம் வருகிற நாட்களில் அண்ணன் சந்நிதிக்குள் நிற்பார். பாலு வெளியே நின்று விபூதித் தட்டை நீட்டுவார். அப்பா போன பிறகு நாள் சொல்கிற வேலையை அண்ணன் எடுத்துக்கொண்டார். முதல் நாள் சாயங்காலம் போன் வரும். நாளைக்கு நீ போ. நாளைக்கு நீ வர வேண்டாம். வேறு பேச்சு இருக்காது.

"நாப்பது தாண்டியாச்சு டீச்சர். கடையில நாலு பேர் என்னைப் பார்த்து சார்ங்கறா. கோயில்ல இன்னும் நான் தட்டு நீட்டற பையன்தான்" என்று ஒரு நாள் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து சொன்னார். கோயிலை விட்டே விலகிவிடலாமா என்றுகூட யோசிப்பதாகச் சொன்னார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அவருக்கு வேண்டியிருந்தது பௌர்ணமி. மலை சுற்றி வருகிற ஜனம் வழியில் அந்தச் சந்நிதிக்கும் வந்து நிற்கும். அவர்கள் முன்னால் தீபாராதனைத் தட்டோடு நிற்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் அதை அண்ணனிடம் சொன்னது கிடையாது. பூஜை நாட்களைச் சமமாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று மட்டும் சொல்லிப் பார்த்தார். அண்ணன் "பார்க்கலாம்" என்றாராம்.

இந்த நிலைமையில்தான் பாலு மஞ்சள் புத்தகத்தை அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் சில நாள் வைத்திருந்துவிட்டு, "சரி, நான் பிரிக்கறேன், நீ எடு" என்று சொல்லி அனுப்பினார். நடுவில் உட்கார ஓர் ஆள் வேண்டும் என்று பாலு என்னைக் கூப்பிட்டார்.

என் வீட்டுக்காரர் தடுத்தார். "அண்ணன் தம்பி பங்குல போய் உக்காராத. நாளைக்கு அவங்க ஒண்ணாயிடுவாங்க, நீதான் வில்லி." நான் கேட்கவில்லை. வேடிக்கை பார்க்கிற ஆசை, வேறொன்றும் இல்லை.

விசிறியை நிறுத்திவிட்டு

அண்ணன் வீட்டுக் கூடத்தில் அன்று மின்விசிறியை நிறுத்தியிருந்தார்கள். காரணம், வருகிற வருஷத்துத் தினசரி காலண்டர். சபேச குருக்கள் அதை ஒவ்வொரு தாளாகக் கிழித்துத் தரையில் இரண்டு அடுக்காக வைத்துக்கொண்டிருந்தார். எந்தத் தாளில் பௌர்ணமி, எதில் சதுர்த்தி, எதில் ஒன்றும் இல்லை என்று தாளிலேயே அச்சடித்திருக்கிறதே, அதைவிட வசதி என்ன இருக்கிறது? கேக்குக்குப் பதிலாக ஒரு வருஷத்தையே வெட்டுகிறார் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. கற்பூர வாசனையும் புழுக்கமுமாக எல்லோருக்கும் வியர்த்தது.

முடித்ததும் ஒரு அடுக்கின் மேல் விபூதி டப்பாவை வைத்தார். இன்னொன்றின் மேல் பஞ்சாங்கத்தை வைத்தார்.

டப்பா வைத்த அடுக்கு மெலிசு. அதில் எல்லாப் பௌர்ணமியும் இருந்தன, எல்லாச் சங்கடஹர சதுர்த்தியும் இருந்தன, விநாயகர் சதுர்த்தி இருந்தது, கார்த்திகை தீபம் இருந்தது. பஞ்சாங்கம் வைத்த அடுக்கு தடிமன். வெறும் திங்கள், வெறும் செவ்வாய். அதோடு அந்த இரண்டொரு விசேஷ நாள் போக மார்கழி முழுக்க. ஜனவரி முதல் பாதித் தாள்கள் அடியிலும் டிசம்பர் பின்பாதித் தாள்கள் மேலுமாக. குளிரில் விடிவதற்கு வெகு முன்னால் எழுந்துபோய், வருகிற இரண்டு மூன்று பேருக்காகப் பொங்கல் நைவேத்தியம் பண்ணுகிற மாதம். யாருக்கும் வேண்டாத மாதம் என்று நான் நினைத்தேன்.

பாலு குனிந்து இரண்டையும் புரட்டினார். அவர் முகம் மாறியது.

"இதை எடுத்துக்கறேன்" என்று தடிமனான அடுக்கைத் தொட்டார்.

அண்ணன் நிமிர்ந்தார். "நன்னா பார்த்துட்டு எடுடா."

"பார்த்துட்டேன்."

சபேச குருக்கள் எழுந்து உள்ளே போனார். கொஞ்ச நேரம் காத்திருந்தோம். காபி வரவில்லை. அந்த வீட்டில் காபி கொடுக்காமல் யாரையும் அனுப்பியதில்லை.

திரும்பும்போது ஆட்டோவில் பாலு பொரிந்து தள்ளினார். "பார்த்தேளா? சமமா வெட்டுன்னா பிச்சை போடறான். நல்லதெல்லாம் உனக்கு, கஷ்டமெல்லாம் எனக்குன்னு தியாகி வேஷம். எனக்கு ஒண்ணும் யாரும் விட்டுக்கொடுக்க வேண்டாம். அதான் கஷ்டத்தையே எடுத்துண்டேன். அவன் போட்ட பௌர்ணமி எனக்கு எதுக்கு?"

"உனக்கு பௌர்ணமிதான வேணும்?" என்றேன்.

அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு அவர் மேல் எரிச்சலாக இருந்தது. பிடித்ததை எடு என்று அச்சடித்துக் கொடுத்தும் பிடிக்காததை எடுத்துக்கொண்டு வருகிறவருக்குக் கணிதம் என்ன செய்யும்? அன்று ராத்திரியே வீட்டுக்காரரிடம், அந்தப் புத்தகம் தண்டம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

எடுத்தவன் மாற்றிக்கொள்ளலாமா?

சில நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வாசலில் சபேச குருக்கள் நின்றார். அவர் வேங்கிக்காலுக்கு வந்தே நான் பார்த்ததில்லை. கையில் செய்தித்தாளில் சுற்றிய மஞ்சள் புத்தகம்.

உள்ளே வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். தண்ணீர் வேண்டுமா என்றால் வேண்டாம் என்றார். காபி வேண்டாம் என்றார். நெற்றியில் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது.

"டீச்சர், இதை முழுக்கப் படிச்சேன். மூணு பேர் வர்ற இடம் மட்டும் புரியலை, அது போகட்டும். ஒருத்தன் எடுத்துண்டப்புறம் மாத்திக்கலாம்னு இதுல எங்கயாவது போட்டிருக்கா? நான் தேடிட்டேன், கிடைக்கலை. நீங்க ஒருதரம் பாருங்கோ."

நான் வாங்கிப் புரட்டினேன். இல்லை என்று எனக்குத் தெரியும், ஆனாலும் அவர் கேட்ட மரியாதைக்காகப் புரட்டினேன்.

"பாலுவுக்கு பௌர்ணமி குடுக்கணும்னு நெனைக்கறீங்களா?" என்றேன்.

"அது அவனுக்குன்னுதானே வெச்சேன். அவனுக்கு அதுல ஆசை. சின்னதுலேர்ந்தே கூட்டத்தை எட்டி எட்டிப் பார்ப்பான்." நிறுத்தினார். புத்தகத்தை என்னிடமிருந்து வாங்கி மறுபடி செய்தித்தாளில் சுற்ற ஆரம்பித்தார். "எனக்கு மார்கழி போயிடுத்து."

எனக்குப் புரியவில்லை. மார்கழியா?

"மத்த நாள்ல ஜனங்களுக்குப் பூஜை பண்றேன். விபூதி குடு, குங்குமம் குடு, சீக்கிரம் குடுன்னுவா. தப்புச் சொல்லலை, அவா நடந்து வந்த களைப்பு. மார்கழில அந்த நேரத்துக்கு யாரும் வரமாட்டா. கிணத்துத் தண்ணி வெதுவெதுன்னு இருக்கும். மந்திரத்தை நிறுத்தி நிறுத்திச் சொல்லலாம். நான் சுவாமிக்குன்னு பண்றது அந்த ஒரு மாசம்தான்." பிறகு ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டவர் மாதிரி, "அப்பா இருந்தப்பவும் அது எனக்குத்தான் விழும். யாரும் கேக்கமாட்டா, அதனால விழும்" என்றார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் பிரித்தது பிச்சையும் இல்லை, தியாகமும் இல்லை. தம்பிக்கு வேண்டியதைத் தம்பி பக்கமும் தனக்கு வேண்டியதைத் தன் பக்கமும் வைத்திருக்கிறார். புத்தகம் சொன்னபடி பிரிக்கவில்லைதான். எது வந்தாலும் சம்மதம் என்று அவர் மனசு சொல்லவில்லை. ஆனால் அது ரொம்ப நல்ல பங்கு. அவரவருக்கு என்ன வேண்டும் என்பதை இரண்டு பேரில் ஒருவராவது வாயைத் திறந்து சொல்லியிருந்தால், அன்று காபி குடித்துவிட்டு வந்திருப்போம்.

"புக்குல இல்லைங்க. ஆனா கேட்டா குடுப்பாரு" என்றேன்.

"கேக்கறதா? பாலுகிட்டயா?" அவர் முகத்தில் உண்மையிலேயே திகைப்பு.

"நான் வேணா சொல்லட்டுமா?"

அவர் யோசித்தார். அவ்வளவு நேரம் ஒருவர் யோசித்து நான் பார்த்ததில்லை. பிறகு, "வேண்டாம். நீங்க சொன்னா அதுக்கு வேற அர்த்தம் பண்ணிப்பான்" என்று எழுந்தார்.

வாசகர்களுக்கு என் பதிலை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாங்குங்கள். ஒரு வீட்டுக்கு ஒன்று போதும், மூன்றாவது ஆள் வருகிற பக்கங்களைத் தாண்டிவிடலாம். பரீட்சைக்கு உதவாது. நான் முதலில் வேண்டாம் என்றதற்கும் பிறகு தண்டம் என்றதற்கும் காரணம், அதில் கணக்கு கம்மி என்பது. அந்தக் குறை இன்னும் இருக்கிறது. ஆனால் உனக்கு என்ன வேண்டும் என்று ஒரு மனிதரைக் கேட்கிற புத்தகம் என் அலமாரியில் வேறொன்று இல்லை. நானும் ஒன்று வாங்கிவிட்டேன்.

சுவருக்கு அந்தப் பக்கம்

பாலு வாசலில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் துளசிக்குத் தண்ணீர் விடுகிற சாக்கில் சுவரோரம் நின்றேன். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, யாராக இருந்தாலும் நின்றிருப்பார்கள்.

எங்கள் வீட்டிலிருந்து நேரே அங்கே போன அண்ணனைப் பார்த்ததும் பாலு துணியை வைத்துவிட்டு நிமிர்ந்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை.

சபேச குருக்கள் கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். தொண்டையைச் செருமினார். மேல்துண்டைச் சரி செய்தார்.

"பாலு, எனக்கு மார்கழி வேணும்டா."

பாலுவுக்கு விளங்கவில்லை. "என்னது?"

"மார்கழி. எனக்கு அது பிடிக்கும். அதை எனக்குக் குடு."

பாலு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினார். "இத அன்னிக்கே சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன? வாய்ல என்ன கொழுக்கட்டையா?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

பாலுவின் குரல் கொஞ்சம் இறங்கியது. "எனக்கு பௌர்ணமி வேணும். நானும் சொல்லிட்டேன். எல்லாம் வேண்டாம், பாதி போறும். பாதி நீ பண்ணு."

"எடுத்துக்கோ."

"எடுத்துக்கோன்னு சொல்லாதே. சரின்னு சொல்லு."

சபேச குருக்கள் நிமிர்ந்து தம்பியைப் பார்த்தார். "சரி" என்றார்.

அண்ணன் உள்ளே போய் உட்கார்ந்ததும் பாலு என் பக்கம் வந்தார். பாத்திரத்தில் தண்ணீர் தீர்ந்து நான் வெறுமனே நின்றுகொண்டிருப்பதை அவர் கவனிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. அதை மறைக்கவும் இல்லை.

"கேட்டேளா டீச்சர்? அண்ணா என்கிட்ட ஒண்ணு வேணும்னு கேட்டான்" என்றார். "இதுவரைக்கும் எனக்குக் குடுத்துதான் பழக்கம் அவனுக்கு."